ஆறாவது சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில், முன்னாள் காலனிகளுக்கு பிரிட்டன் இழப்பீடு தர வேண்டும் என்று சசி தரூர் 2015-ல் பேசியதை நேற்று மறுபடி பார்த்தேன். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் முதல் எத்தனை பெரிய மனிதர்கள் ஏறிய மேடை அது! எங்கள் கல்லூரிக்கும் அமைச்சர்கள் வருகிறார்கள். அந்தக் கம்பீரம் மட்டும் வரமாட்டேன் என்கிறதே, ஏன்? அந்த மாதிரி விவாதங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

க.

அன்புள்ள க.,

தரூரை விடுங்கள். நன்றாகத்தான் பேசினார், அவர் பக்கம் 185-க்கு 56 என்று ஜெயித்தது. நாம் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வெள்ளைக்காரன் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டார் என்ற குஷிக்காக. எனக்கும் அந்தக் குஷி உண்டு.

எரிச்சல் வந்தது ‘பெரிய மனிதர்கள்’ என்ற இடத்தில். 1964 டிசம்பரில் மால்கம் எக்ஸ் பேசிய பக்கம் ஓட்டில் தோற்றது, தெரியுமா? அங்கே ஓட்டுப் போடுவது என்றால் எழுந்து வெளியே நடப்பது: ஆதரிப்பவர்கள் வலது கதவு, எதிர்ப்பவர்கள் இடது கதவு. விருந்தாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கைதட்டிவிட்டு எதிர்க்கதவு வழியாகப் போய்விடலாம். உங்கள் அரங்கில் எத்தனை கதவு?

இன்னொன்று. யூனியன் பல்கலைக்கழகத்தின் துறை இல்லை. 1823-லிருந்து நடக்கும் தனிச் சங்கம். தலைவர் மாணவர்தான், 1959-ல் இலங்கைத் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர் இருந்திருக்கிறார். யாரைக் கூப்பிடலாம் என்று துணைவேந்தரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

1933 பிப்ரவரி 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லர் பதவிக்கு வந்து பத்தே நாள். ‘இந்த அவை எந்த நிலையிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது’ என்ற தீர்மானம் 275-க்கு 153 என்று நிறைவேறியது. நாடே கொதித்தது. கோழைத்தனத்தின் அடையாளமாக 275 வெள்ளை இறகுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள், ஓட்டுக்கு ஒன்று. அப்புறம் இரண்டாவது பெட்டியும் வந்தது. ஆளுக்கு இரண்டு இறகு கிடைக்கும் என்று அறிவித்தாராம் மாணவர் தலைவர்! வின்ஸ்டன் சர்ச்சில் வெளுத்து வாங்கினார். அவர் மகன் ராண்டால்ஃப், தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்று அதே அவையில் கொண்டுவந்தார். கிடைத்தது 138 ஓட்டு. எதிர்த்து 750.

மாணவர்கள் அந்தத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தத் தலைமுறையில் பலர் பின்னால் சீருடை போட்டுப் போரிடவும் போனார்கள். ஆனால் அந்த 750 பேரில் எத்தனையோ பேருக்குத் தீர்மானமே பிடித்திருக்காது. சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்கக் கூடாது என்பதற்காக வந்து ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். என் மரியாதை முழுக்க அவர்களுக்குத்தான்.

நான் படித்த கல்லூரிக்கும் ஒரு அமைச்சர் வந்தார். ‘மாணவர்களுடன் கலந்துரையாடல்’ என்று பேனர். ஒரு வாரம் முன்பே கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆறு சீட்டு. பொறுப்பாசிரியர் ஐந்தை மேஜையில் வைத்துவிட்டு, ஆறாவதை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “தம்பி, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா கேப்பாங்க?” அவர் கெட்டவர் இல்லை. ஒரு வருடம் என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியவர். அன்று சால்வைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அமைச்சர் பின்னால் நடந்தது நான்தான். கம்பீரமாகவே நடந்தேன். விடுதிக்குத் தண்ணீர் என்று வரும் என்பதுதான் அந்தச் சீட்டில் இருந்த கேள்வி.

நீங்களும் வெயிலில் பூச்செண்டோடு வரிசையில் நின்றிருப்பீர்கள். நின்றுவிட்டு, கம்பீரம் எங்கே என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். அடுத்த முறை சீட்டு கேட்டால் கொடுக்காதீர்கள், எழுந்து கேளுங்கள்.

எதைப் பார்க்கலாம் என்றீர்கள் அல்லவா? 1965-ல் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் வலதுசாரிப் பத்திரிகையாளர் வில்லியம் பக்லியும் மோதியது. அது கேம்பிரிட்ஜ் யூனியன், பரவாயில்லை. பால்ட்வின் பக்கம் 544, எதிர்ப்பக்கம் 164. வீடியோ கிடைக்கிறது. பால்ட்வின் முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், பக்லியையும் கடைசி வரை கேளுங்கள்.