கடன் வாங்கி மருத்துவம் வேண்டாம்

உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கும் மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள், எந்நேரமும் கணினி நிரல் எழுதிக்கொண்டிருக்கிறாள், உறவினர்களோ வீட்டை அடகு வைத்தாவது மருத்துவத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். வீட்டை அடகு வைக்காதீர்கள். அந்தக் கடனை அடைக்கப்போவதும், விருப்பமில்லாத தொழிலில் காலம் முழுவதும் உழலப்போவதும் உறவினர்கள் அல்லர்.

அவளுடைய இரு நாட்டங்களும் ஒன்றுசேரும் துறை ஒன்று உண்டு: மரபணுக்கள் எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதிகளைக் கணினி கொண்டு ஆராயும் கணினிசார் உயிரியல். இதற்குப் பழ ஈயைப் போல உதவிய உயிரினங்கள் மிகச் சில. அதன் மரபணுத்தொகை, அதாவது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி எழுத்துகளால் ஆன அதன் முழு டிஎன்ஏ வரிசை, 2000-ஆம் ஆண்டிலேயே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுவிட்டது. கரு உருவான சில மணி நேரத்தில், ஈவன்-ஸ்கிப்டு என்னும் மரபணு கருவின் குறுக்கே ஏழு பட்டைகளாக இயங்குகிறது. இரண்டாவது பட்டையை மட்டும் வரைவதற்கென்றே ஏறத்தாழ 500 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று இருக்கிறது. பைகாய்ட், ஹன்ச்பேக் என்னும் புரதங்கள் அதில் அமர்ந்து மரபணுவைத் தூண்ட, ஜயன்ட், குருப்பெல் ஆகிய புரதங்கள் பட்டையின் இரு ஓரங்களிலும் அதை அடக்கிவைப்பதால்தான் பட்டை அவ்வளவு கூர்மையாக அமைகிறது. இத்தகைய துண்டுகளை வெறும் எழுத்துவரிசையிலிருந்தே கண்டுபிடிப்பதுதான் இத்துறையின் வேலை. ஈயோடு நின்றுவிடும் அறிவு அல்ல இது. மனிதரின் பொதுவான நோய்களோடு தொடர்புடைய டிஎன்ஏ வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்துக்கான குறிப்பு இல்லாத, இத்தகைய துண்டுகள் மிகுந்திருக்கும் பகுதிகளிலேயே காணப்படுகின்றன.

இளநிலைப் பட்டத்தோடு இதில் நல்ல வேலை கிடைப்பது கடினம். முதுநிலையும் பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவைப்படும், ஆண்டுகள் பிடிக்கும். எனினும் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு. உதவித்தொகை இல்லாத இடத்தில் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். பாடத்தின் பெயர் எதுவானாலும், புள்ளியியலை ஆழமாகக் கற்பிக்காத கல்லூரியைத் தவிர்த்துவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் மகளே சோதித்துப் பார்க்கட்டும். ஃப்ளைபேஸ் தரவுத்தளத்தில் ஈயின் டிஎன்ஏ வரிசை இலவசமாகக் கிடைக்கிறது. பைகாய்ட் விரும்பி அமரும் டி-ஏ-ஏ-டி-சி-சி என்ற ஆறெழுத்தை அதில் தேடும் நிரலை அவள் எழுதட்டும். நான்கு எழுத்துகளும் சம அளவில் கலந்திருந்தால், எந்த ஆறெழுத்தும் சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்துவிடும்; ஆகவே பொய்யான இடங்கள் குவியும், எழுத்து சற்றே மாறிய உண்மையான இடங்களோ தவறிப்போகும். அந்தக் குவியலைப் பார்த்துச் சலிப்படையாமல், உண்மையானதை எப்படிப் பிரித்தறிவது என்று அவள் கேட்கத் தொடங்கினால், தயங்காமல் இந்தப் படிப்புக்கே விண்ணப்பியுங்கள்.