மீட்புக் குதிரையைத் தத்தெடுப்பவர்களுக்கு: அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் குதிரை மீட்பு அமைப்புகளிடமிருந்து தத்தெடுத்தவர்களும் எடுக்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆஸ்டின் வாசகியின் கேள்விக்கு அவசரம் அதிகம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி (ஆஸ்டின் அருகே, டெக்சஸ்): அக்கா, ஒரு மீட்பு அமைப்பு தற்காலிகப் பராமரிப்புக்காக ஒரு பெட்டைக் குதிரையை நேற்று எங்களிடம் விட்டுப் போனார்கள். விலா எலும்பெல்லாம் தெரிகிறது. மாமியார் கொள்ளு வேகவைத்துக் கொடுக்கச் சொல்கிறார். இந்தியக் கடையில் வாங்கியும் வைத்துவிட்டோம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொள்ளு மட்டுமல்ல, ஓட்ஸ், மக்காச்சோளம், தவிடு, வெல்லம் எதுவுமே கால்நடை மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். மாமியார் சொல்வது நன்றாக இருக்கும் குதிரைக்கான தீனி. ஊரில் வண்டிக் குதிரைகள் அதைத் தின்றுதான் ஓடின. பட்டினி கிடந்த உடம்பு வேறு கணக்கு. மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் எகிறும். அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சும் தளரும். வயிறாரத் தின்று தெம்பாக நின்ற குதிரை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ விழுந்து சாவது இதனால்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பிரிவு வகுத்த முறையைத்தான் நல்ல அமைப்புகள் பின்பற்றுகின்றன. தீனி காய்ந்த குதிரைமசால், அதாவது அல்ஃபால்ஃபா. அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் பாஸ்பரஸும் கூடுதல். முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 பவுண்டு, அதாவது ஒரு நாளைக்கு 6 பவுண்டு மட்டும். நடு இரவுத் தீனியையும் விடக்கூடாது. அலாரம் வைத்து எழுந்துதான் ஆகவேண்டும். பிறகு அளவை மெல்லக் கூட்டி, இடைவெளியையும் நீட்டி, ஆறாம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 பவுண்டு. பத்தாம் நாளுக்குப் பிறகு தின்னும் அளவுக்கு, நாளுக்கு இரண்டு வேளை. கண்ணளவில் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்குமே, அதில் ஒரு வலைப்பையை மாட்டி நிறுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

டெக்சஸில் இருப்பதால் இன்னொன்று. அல்ஃபால்ஃபா கட்டுக்குள் கொப்புள வண்டு செத்து உலர்ந்து கிடக்கும். உலர்ந்தாலும் அதன் விஷம் போகாது. குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும், சில வண்டுகள் வயிற்றுக்குள் போனாலே ஆபத்து. முதல் அறுவடைப் புல்லா என்று கேட்டு வாங்குங்கள், அதில் வண்டு வரும் வாய்ப்பு குறைவு. கட்டை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து உதறிப் பார்த்த பிறகே போடுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 330-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வந்துவிடும். கண்ணும் காதும் சுறுசுறுப்பாவதற்கு இரண்டு வாரம், எடை கூடத் தொடங்க ஒரு மாதம், பழைய உடம்பு திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்களிடம் 3 ஏக்கர் நிலம் இருக்கிறது, வேலி இருக்கிறது, வசதியும் இருக்கிறது. இருந்தும் ஒரு அமைப்பு எங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. வெட்டினரி ரெஃபரன்ஸ், லாடக்காரர் ரெஃபரன்ஸ் என்று கேட்டு அலைக்கழித்தார்கள். குதிரைகளுக்கு வீடு கிடைக்கவில்லை என்று புலம்புபவர்கள் இப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் இத்தனை கேள்வி கேட்ட அமைப்பு நல்ல அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1,000 பவுண்டு குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 பவுண்டு உலர்புல் வேண்டும், மாதத்துக்கு 50 பவுண்டுக் கட்டுகள் 12. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பல் ராவ வேண்டும். டெட்டனஸ், ரேபிஸ், வெஸ்ட் நைல், மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளும் உண்டு. இதையெல்லாம் இதற்கு முன் செய்யாத ஒருவர் செய்வார் என்று நம்ப அவர்களுக்கு ஏதாவது ஆதாரம் தேவை. அதைத்தான் ரெஃபரன்ஸ் என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் தடையாக இருப்பது மூன்று: முள்கம்பி வேலி, கூட ஒரு குதிரை இல்லாதது, கையாண்ட பழக்கம் இல்லாதது. முள்கம்பியை எடுத்துவிட்டு 2க்கு 4 அங்குலக் கண் உள்ள வலைக்கம்பி போடுங்கள். அகலக் கண்ணுள்ள வலையில் குளம்பு மாட்டிக்கொள்ளும். அதே அமைப்பில் சனிக்கிழமைகளில் சாணம் அள்ளவும் தலைக்கயிறு பிடிக்கவும் போய் நில்லுங்கள். ஆறு மாதத்தில் அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): "செவ்வாய் மாலைக்குள் 900 டாலர் வராவிட்டால் இந்தக் குதிரை கசாப்புக்குப் போய்விடும்" என்று படத்தோடு பதிவு வருகிறது. மனசு கேட்காமல் பணம் அனுப்பிவிடலாம் போல இருக்கிறது. உண்மையா, ஏமாற்றா?

பதில்: இரண்டும் கலந்தது. அமெரிக்காவில் குதிரைக் கசாப்புக் கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. அதன் பிறகும் குதிரைகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரியில் போயின. அப்படிக் கசாப்புக்கு வாங்கி அனுப்பும் வியாபாரிகளின் பட்டிகளிலிருந்துதான் இந்தப் படங்கள் வருகின்றன. இறைச்சி விலையைவிட மிக அதிகமாகக் கேட்டு "ஜாமீன்" என்கிறார்கள். அந்தப் பணத்தில் அடுத்த ஏலத்தில் இன்னும் இரண்டு குதிரை வாங்குவார்கள். உங்கள் இரக்கம் அவர்களுக்கு முதலாகிவிடுகிறது. பட்டியிலிருந்து வரும் குதிரை தொற்றோடு வருவதும் சகஜம்.

அந்த 900 டாலரை, ஏலத்துக்கு நேரில் போய் எடுக்கும் அமைப்புக்கோ, காவல் துறை பறிமுதல் செய்த குதிரைகளை வாங்கிப் பராமரிக்கும் அமைப்புக்கோ கொடுங்கள். முதலில் வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். படிவம் 990 தாக்கல் செய்திருந்தால் வரவு செலவு தெரிந்துவிடும். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்புகள் 990-என் என்ற சுருக்கமான படிவம் மட்டும் போடலாம். அதில் விவரம் இருக்காது, அதை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். உலக விலங்குச் சரணாலயக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் எத்தனை நாள் பாசி, குளம்பு விளிம்பு உடைந்திருக்கிறதா, புதிதாக வந்த குதிரை தனியாக நிற்கிறதா என்பது எந்தப் படிவத்திலும் இருக்காது.

கேள்வி (அட்லாண்டா): தத்தெடுத்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஆய்வுக்கு வருகிறார்கள். ஒப்பந்தத்தில் விற்கக்கூடாது, குட்டி போடவைக்கக்கூடாது, இடம் மாற்றினால் சொல்லவேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அப்படியென்றால் குதிரை யாருடையது?

பதில்: ஒப்பந்தத்தில் உரிமை எப்போது உங்கள் பெயருக்கு மாறும் என்ற வரியைத் தேடுங்கள். சில அமைப்புகள் ஒரு வருடம் கழித்து மாற்றிக் கொடுக்கும், சில மாற்றவே மாற்றாது. இரண்டும் நடைமுறையில் உண்டு. கையெழுத்து போடும்முன் கேட்கவேண்டிய கேள்வி இது. மாறாத வகை என்றால், பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் கருணைக்கொலைக்கும் யாருடைய சம்மதம் வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நடு ராத்திரி வயிற்றுவலியில் குதிரை புரளும்போது ஃபோனை எடுக்க யாரும் இல்லாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். விற்பனைத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் மீட்ட குதிரை மூன்றாவது கையிலேயே மறுபடி ஏலத்துக்கு வந்துவிடும்.

கேள்வி (டென்வர்): அரசாங்கம் கொடுக்கும் முஸ்டாங் என்ற காட்டுக் குதிரைக்கும் இதே விதியா?

பதில்: அது வேறு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில மேலாண்மைத் துறை கொடுப்பது. பழக்காத பெரிய குதிரைக்கு 6 அடி உயர வேலியும் ஒரு குதிரைக்கு 400 சதுர அடிப் பட்டியும் வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காக வளர்த்ததாகச் சான்று கொடுத்தால் உரிமைப் பத்திரம் கிடைக்கும். மனிதக் கை படாத குதிரை அது. முதல் குதிரையாக எடுக்காதீர்கள்.

கேள்வி (வட கரோலினா): "புதியவர்களுக்கு ஏற்ற சாதுக் குதிரை" என்று கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் சேணம் போட்டாலே காதைப் பின்னால் மடக்குகிறது, மகளைத் தூக்கியும் எறிந்துவிட்டது. மயக்க மருந்து கொடுத்துக் காட்டி ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: முதலில் மகளைச் சவாரிக்கு ஏற்றுவதை நிறுத்துங்கள். ஏமாற்றியிருக்கலாம், ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. உடல் நிலையை ஹென்னெக் அளவுகோலில் 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள், 5 சரியான உடம்பு. 2-இல் இருக்கும் குதிரைக்குத் துள்ளத் தெம்பு இருக்காது. பசியில் அடங்கிக் கிடப்பதைச் சாது குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களிடம் வந்து 5-ஐத் தொட்டதும் சுபாவம் வெளியே வருகிறது. ஆகவே எந்த அமைப்பிடமும் கேட்கவேண்டியது, "சவாரி செய்து பார்த்தபோது உடல் மதிப்பெண் என்ன?" என்பது.

இன்னொரு காரணம் வலி. எடை கூடக் கூட முதுகுத் தசை நிரம்பும், பழைய சேணம் இறுக்கும். தேர்ந்த ஒருவர் இருபது நிமிடம் ஓட்டியபின் சேணத்தைக் கழற்றி முதுகைப் பாருங்கள். வியர்வை சீராக நனைந்திருக்கவேண்டும். பிடரி முடியும் இடத்தின் இருபுறமும் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது. அதன் பிறகு பல், இரைப்பைப் புண், நொண்டல் என்று மருத்துவரிடம் வரிசையாகப் பாருங்கள். தத்துக் கொடுக்கும் முன்பு வலி மருந்து கொடுத்தார்களா என்று மருத்துவப் பதிவைக் கேளுங்கள். வலி மருந்தில் நொண்டல் மறைந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் முரண்டு பிடித்தால், அமைப்பிடம் வேறு குதிரை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கேள்வி (ஹூஸ்டன்): வீட்டில் ஏற்கெனவே இரண்டு குதிரை இருக்கிறது. புதிதாக வருவதை எத்தனை நாள் பிரித்து வைக்கவேண்டும்?

பதில்: குறைந்தது 21 நாள். பயப்படவேண்டியது ஸ்ட்ராங்கிள்ஸ். தாடைக்கடியில் கழலை வீங்கிச் சீழ் வைக்கும் தொற்று. மூக்கிலிருந்து கிருமி வெளியேறுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே காய்ச்சல் வந்துவிடும். காலை மாலை வெப்பநிலை பார்த்து, 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் மருத்துவரைக் கூப்பிட்டால் மற்றக் குதிரைகள் தப்பிக்கும். வாளி, பிரஷ், கயிறு எல்லாம் தனி. பழைய குதிரைகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் புதியதிடம் போகவேண்டும். காகின்ஸ் சோதனைச் சான்று, அதாவது தொற்று ரத்தசோகை இல்லை என்ற சான்று, இல்லாமல் குதிரையை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம்.

கேள்வி (சேன் டியேகோ): வேலியோரம் சாமிக்குப் பறிக்க அரளி வைத்திருக்கிறோம். குதிரை எட்டாத தூரம்தான். இருக்கலாமா?

பதில்: வேரோடு எடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லும். பச்சை இலை கசப்பதால் ஒதுக்கும் குதிரையும், வெட்டிப் போட்டுக் காய்ந்த இலை உலர்புல்லோடு கலந்தால் தின்றுவிடும். எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். பூஜைக்குச் செம்பருத்தி வையுங்கள்.

கேள்வி (சிகாகோ): ஒரு அமைப்பு தான் மீட்ட குதிரைக்கு இரண்டே நாளில் கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டது. நாங்கள் எல்லோரும் நன்கொடை கொடுத்திருந்தோம். இதற்குப் பெயர் மீட்பா?

பதில்: சில சமயம் அதுவும் மீட்புதான். உடல் மதிப்பெண் 1-இல் இருந்து, விழுந்து தானாக எழ முடியாத குதிரைக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குளம்பெலும்பு சுழன்று அடித்தோலைக் கிழித்து வந்துவிட்ட குதிரைக்கு ஒவ்வொரு அடியும் நரகம். அதை நான்கு மாதம் நிறுத்தி வைத்துப் படம் போட்டு நன்கொடை வாங்கும் அமைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. மருத்துவர் அறிக்கையைக் கேளுங்கள், காட்டுவார்கள். மறைத்தால் அடுத்த நன்கொடையை நிறுத்துங்கள்.

கேள்வி (டாலஸ்): மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் தத்துக் குதிரையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: வேண்டாம். பல ஒப்பந்தங்களில் அதற்குத் தடை இருக்கும். தடை இல்லாவிட்டாலும் மேளம், வெடி, கூட்டம் இவற்றுக்குப் பழகாத குதிரை அது. மிரண்டால் மாப்பிள்ளைக்கும் ஆபத்து, முன்னால் நிற்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து.

கேள்வி (சியாட்டில்): விசா நீட்டிப்பு வராது போலிருக்கிறது. அறுபது நாளில் கிளம்பவேண்டியிருக்கும். தத்தெடுத்து இரண்டு வருடமான குதிரையை என்ன செய்வது?

பதில்: இன்றே அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விசா முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். திரும்பப் பெறுவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், இடம் காலியாக இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு மாதம் தேவைப்படும். "இடமில்லை" என்று கைவிரித்தால், திரும்பப் பெறும் அந்த வரியை மேற்கோள் காட்டி மீண்டும் எழுதுங்கள். உங்கள் வீட்டிலிருந்தபடியே புதியவரைத் தேடித்தரச் சொல்லுங்கள், பல அமைப்புகள் அதற்கு ஒப்புக்கொள்ளும். அவர்கள் சம்மதமில்லாமல் யாருக்கும் சும்மாகூடக் கொடுக்காதீர்கள். இணையத்தில் இலவசம் என்று போட்டால் முதலில் வருபவர் வியாபாரியாகவும் இருக்கலாம்.

குதிரையோடு இவற்றையும் அனுப்புங்கள்: காகின்ஸ் சான்று, தடுப்பூசி, பல், குளம்புப் பதிவுகள், தினசரித் தீனி அளவு எழுதிய ஒரு தாள், இப்போது தின்னும் அதே உலர்புல் பத்து நாளைக்கு. தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். புது இடத்தில் பழையதையும் புதியதையும் கலந்து கொடுத்து, பத்தாவது நாளில்தான் முழுக்க மாற்றவேண்டும்.

விசா நிலை உறுதியில்லாத மற்றவர்கள் தத்தெடுப்பதைவிட, ஆஸ்டின் வாசகியைப் போலத் தற்காலிகப் பராமரிப்புக்கு எடுங்கள். பல அமைப்புகள் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கும், கிளம்பும்போது சிக்கலும் இருக்காது.