இங்கிலாந்து கால்பந்து பிரீமியர் லீக்ல சீசன் டிக்கெட் (சீசன் முழுக்க கிளப்போட சொந்த மைதான மேட்ச்களுக்கான டிக்கெட்) விலை ஏன் ஏறிக்கிட்டே போகுது?

ஏத்தினாலும் சீட் காலியாகாதுன்னு கிளப்புக்கு நல்லா தெரியும், அவ்ளோதாங்க. பெரிய கிளப்ல வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்ட், நீங்க விட்டா அடுத்த ஆள் ரெடி. 1989ல இங்கிலாந்தோட ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசல்ல 97 பேர் இறந்தப்புறம் நின்னு பாக்குற இடத்தையெல்லாம் எடுத்துட்டு சீட் போட்டாங்க, பாதுகாப்புக்கு அது தேவைதான், ஆனா மலிவு டிக்கெட்டும் அதோட போச்சு. ஜெர்மனில இன்னும் நின்னு பாக்கலாம், பெரும்பாலான கிளப்ல பாதிக்கு மேல ஓட்டு கிளப் மெம்பர்ஸான ரசிகர்கள் கையில, அதனால அங்க விலை கம்மி.

இங்கிலாந்து ரசிகர்களும் சும்மா இல்ல, 2016 பிப்ரவரில லிவர்பூல் கிளப் ஒரு மேட்ச்சுக்கு 77 பவுண்டு வரைக்கும் டிக்கெட் அறிவிச்சதுக்கு 77வது நிமிஷம் ஆயிரக்கணக்குல எந்திரிச்சு வெளிய போனாங்க, 2-0ன்னு முன்னாடி இருந்த டீம் அப்புறம் 2-2 டிரா ஆச்சு (சாபம் போல!), சில நாள்லயே ஓனர்ஸ் மன்னிப்பு கேட்டு விலையை வாபஸ் வாங்கிட்டாங்க.