ரேம் மாற்றினால் ‘பிரோக்கன் பைப்’ போய்விடுமா?

கேள்வி: சென்னை பாடியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அன்றன்று அதிகம் விற்ற 10 பொருட்களைக் காட்ட, தெரிந்த தம்பி ஒருவர் லினக்ஸ் லேப்டாப்பில் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதமாக ‘பிரோக்கன் பைப்’ என்று வருகிறது. சில நாள் ரிப்போர்ட் காலி, ஆனாலும் ‘முடிந்தது’ என்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில், ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கச் சொல்கிறார்கள். மாற்றலாமா? ஸ்கிரிப்டின் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். ரேம் தீர்ந்தால் வருவது வேறு செய்தி: ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல், புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் ‘வெளியேறும் எண்’ பெரும்பாலும் 137.

படத்தில் மூன்று புரோகிராம்கள், ஒன்று தருவது அடுத்ததற்குப் போகும்படி, ‘பைப்’ எனப்படும் | குறியால் கோக்கப்பட்டிருக்கின்றன. பைத்தான் மொழியில் எழுதிய முதல் புரோகிராம் முழுப் பட்டியலையும் அனுப்புகிறது. ‘ஹெட்’ முதல் 10 வரியை எடுக்கிறது. ‘டீ’ அதைத் திரையிலும் கோப்பிலும் போடுகிறது. பத்து வரி கிடைத்ததும் ஹெட் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். பைத்தானோ இன்னும் சரக்கை இறக்கிக்கொண்டே இருக்கிறது. வாங்க ஆளில்லை என்று தெரிந்ததும் போடும் கூச்சல்தான் ‘பிரோக்கன் பைப்’. ஒரு மாதமாக மட்டும் ஏன்? லினக்ஸில் பைப் வழக்கமாக 64 கேபி வரை தாங்கும். பட்டியல் சின்னதாக இருந்தவரை மொத்தமும் அதில் அடங்கியிருக்கும். வியாபாரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்!

காலி ரிப்போர்ட்தான் எனக்குக் கவலை. வரிசையில் கடைசிப் புரோகிராம் தேறினால் மொத்தமும் தேறியதாக, கட்டளைகளை ஓட்டும் ‘ஷெல்’ எடுத்துக்கொள்ளும். விற்பனைக் கோப்பு கிடைக்காமல் பைத்தான் விழுந்தாலும், டீ வெறும் தாளை எழுதிவிட்டு ‘சரி’ என்று சொல்லிவிடும். முதல் | குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். உண்மையான பிழை திரையில் தெரியும். அதைக் கோப்பிலும் பிடிக்க வேண்டுமானால் அந்தக் குறிக்கு முன்பு, பிழைச் செய்தியையும் அதே வழியில் அனுப்பும் 2>&1 சேர்க்க வேண்டும். பின்னால் போட்டால் பிரயோஜனமில்லை.

தம்பியிடம் இரண்டே வேலை சொல்லுங்கள். பைத்தானே பத்து வரியோடு நிறுத்தட்டும், ஹெட் வேண்டாம். அப்புறம் ஸ்கிரிப்டின் தலையில், கோத்ததில் ஒன்று விழுந்தாலும் மொத்தமும் தோல்வி என்று கணக்கிடும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டு, பிழை வந்தால் ‘முடிந்தது’ என்று சொல்லாதபடி செய்யட்டும். இந்த வரிசையில் செய்யாவிட்டால், நன்றாக ஓடும் நாளிலும் ‘தோல்வி’ என்று காட்டும்.

ரேமுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், என்ன பழுது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.