மறுமொழி: லெக்சிங்டன் நிலையங்களில் இரட்டைக் கட்டணம்

வணக்கம் ஐயா. நியூயார்க்கில் லெக்சிங்டன் 59ஆம் தெரு நிலையத்தை விட்டு வெளியேறி, நடந்துபோய் 63ஆம் தெரு நிலையத்தில் கியூ (Q) எனும் சுரங்க ரயிலுக்கு நுழைந்தபோது மீண்டும் கட்டணம் பிடிக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவ்விரு நிலையங்களுக்கிடையே 2 மணி நேரத்துக்குள் மாறினால் இலவசம்தான். ஆனால் கட்டணம் செலுத்த வாயிலில் முதலில் கைப்பேசியையும் பிறகு வங்கி அட்டையையும் காட்டியதாகச் சொல்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாயினும், கைப்பேசிக்குள் பதிந்திருக்கும் அட்டைக்கு வேறு எண் என்பதால், வாயிலில் உள்ள கருவி உங்களை இரு பயணிகளாகவே எண்ணும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சீட்டு வாங்கியே பழகிய நமக்கு இது எளிதில் புலப்படாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து நியூயார்க்குக்குப் போன முதல் வாரத்தில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். புரூக்ளினில் ஜூனியஸ் தெரு, லிவோனியா அவென்யூ நிலையங்களுக்கிடையிலும் இச்சலுகை உண்டு. மற்றபடி, வெளியே வந்து மறுபடி ரயிலுக்கு நுழைந்தால் பொதுவாகப் புதுக் கட்டணம்தான். உள்ளூர்ப் பேருந்துக்கு மாறினால் மட்டும் கேட்கமாட்டார்கள்.