வரைபடம் ஏன் வலப்பக்கம் நகர்கிறது? சார்புகளின் இடப்பெயர்ச்சி குறித்த கேள்வி பதில்

சார்புகளின் (ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரு மதிப்பைத் தரும் விதிகளின்) வரைபடங்களை இடம்பெயர்ப்பது குறித்தும், அதற்கு டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா போன்ற இணைய வரைபடக் கணிப்பான்களைப் பயன்படுத்துவது குறித்தும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். கருவியில் எதையும் உள்ளிடுவதற்கு முன் நான்கைந்து புள்ளிகளுக்காவது தாளில் அட்டவணை போட்டுவிடுங்கள்.

நெல்லிக்குப்பம், பதினோராம் வகுப்பு மாணவி: ஐயா, ஒய் = (எக்ஸ் − 3)² என்பதில் கழித்தல் குறிதான் இருக்கிறது. ஆனால் டெஸ்மாஸில் பரவளையம் வலப்பக்கம் நகர்கிறது. ஏன்?

இந்தப் பாடத்தில் உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எக்ஸ்² என்ற சார்பு 0, 1, 4 ஆகிய மதிப்புகளை எக்ஸ் = 0, 1, 2 ஆகிய இடங்களில் தருகிறது. (எக்ஸ் − 3)² அதே மதிப்புகளை எங்கே தருகிறது என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். 3, 4, 5 ஆகிய இடங்களில் தருகிறது. அடைப்புக்குள் 3 கழிக்கப்படுவதால், பழைய மதிப்பைப் பெறுவதற்கு எக்ஸ் முன்பைவிட 3 கூடுதலாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் 3 அலகு வலப்பக்கம் போய் அமர்கிறது.

நம் கடற்கரையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக ஏறுகிறது. இன்றைய நீர்மட்டத்தை, நிமிடங்களில் அளந்த நேரம் டி-யின் சார்பாக எஃப்(டி) என்று வைத்துக்கொண்டு, உயரத்தில் வரும் சிறு வேறுபாட்டை விட்டுவிட்டால், நாளைய நீர்மட்டம் எஃப்(டி − 50) ஆகும். நாளை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காணும் நீர்மட்டம், இன்று அந்த நேரத்துக்கு 50 நிமிடம் முன்பு இருந்த மட்டம். அதனால்தான் கழித்தல் குறி வருகிறது. வரைபடமோ தாமதத்தின் பக்கம், அதாவது வலப்பக்கம் நகர்கிறது.

மஞ்சக்குப்பம் வாசகர்: அப்படியானால் எக்ஸ்² + 2 மட்டும் ஏன் குறிக்கு ஏற்றபடி மேலே போகிறது? எக்ஸுக்கு ஒரு விதி, ஒய்க்கு ஒரு விதியா?

இரண்டுக்கும் விதி ஒன்றுதான். நாம் எழுதும் முறை அதை மறைத்துவிடுகிறது. ஒய் = எஃப்(எக்ஸ் − 3) + 2 என்பதை ஒய் − 2 = எஃப்(எக்ஸ் − 3) என்று மாற்றி எழுதுங்கள். இப்போது எக்ஸுடன் இருக்கும் −3 வலப்பக்கம் 3 என்றும், ஒய்யுடன் இருக்கும் −2 மேல்நோக்கி 2 என்றும் பொருள்படுகின்றன. இரண்டிலும் கழித்தல் குறி மிகைத் திசையில் நகர்த்துகிறது. வட்டத்தின் சமன்பாட்டில் மையத்தின் ஆயத்தொலைவுகள் கழித்தல் குறியோடு வருவதும் இதனால்தான். டெஸ்மாஸ் இந்த வடிவத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

லாஸ்பேட்டை, மாணவரின் தாயார்: ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால் படம் இடப்பக்கம் ஓடுவதாக என் மகன் சொல்கிறான். செயலியில் பிழையா?

பிழையில்லை. ஸ்லைடர் மாற்றும் எண்ணை எச் என்று கொண்டால், அவர் (எக்ஸ் + எச்) என்று உள்ளிட்டிருப்பார்; ஒய் = ஏ(எக்ஸ் − எச்)² + கே என்று உள்ளிட்டால் ஸ்லைடர் போகும் திசையிலேயே படமும் போகும். ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பதை மட்டுமே படிப்பு என்று அவர் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வின் கணிதத் தாளில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. தாளில் வரையப் பழகிய கைதான் அங்கே உதவும்.

முத்தியால்பேட்டை மாணவர்: சைன் 30 என்பதற்கு −0.988 என்று விடை வருகிறது. பாகைக்கு மாற்றினால் சைன் வரைபடமே கிட்டத்தட்ட நேர்க்கோடாகத் தெரிகிறது.

டெஸ்மாஸ் தொடக்கத்தில், கோணத்தை அளக்கும் மற்றோர் அலகான ரேடியனில் இருக்கும். 30 ரேடியனின் சைன் மதிப்பு −0.988 என்பது சரியே. பாகைக்கு மாற்றியபின் அலை முழுதாகத் தெரிய எக்ஸ் அச்சு 0 முதல் 360 வரையாவது விரிய வேண்டும். உங்கள் திரை −10 முதல் 10 வரை மட்டுமே காட்டுவதால் அலையின் ஒரு சிறு துண்டுதான் கண்ணில் படுகிறது. வரைபடத்தின் வடிவத்தைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன் அச்சுகளின் அளவீட்டைப் பாருங்கள்.

வில்லியனூர் மாணவி: எஃப்(2எக்ஸ் − 6) வரைய, முதலில் கிடைமட்டமாகப் பாதியாகச் சுருக்கி, பிறகு 3 அலகு வலப்பக்கம் நகர்த்த வேண்டும் என்று தனிப்பயிற்சி ஆசிரியர் சொல்கிறார். நான் முதலில் 6 நகர்த்திப் பிறகு சுருக்கினேன். தவறு என்று அடித்துவிட்டார்.

உங்கள் முறை சரி. ஆசிரியர் சொன்ன முறையும் சரி. எஃப் என்ற சார்பின் உச்சி எக்ஸ் = 4 என்ற இடத்தில் இருப்பதாகக் கொள்வோம். உங்கள் வழியில் 4 முதலில் 10 ஆகி, பாதியாகி 5 ஆகிறது. அவர் வழியில் 4 முதலில் 2 ஆகி, 3 நகர்ந்து 5 ஆகிறது. சமன்பாட்டிலிருந்து நேராகப் பார்த்தாலும், 2எக்ஸ் − 6 = 4 என்றால் எக்ஸ் = 5. தவறான வழிகள் வேறு: முதலில் 3 நகர்த்திப் பிறகு சுருக்கினால் உச்சி 3.5-க்கும், முதலில் சுருக்கிப் பிறகு 6 நகர்த்தினால் 8-க்கும் போய்விடும்.

திருப்பாதிரிப்புலியூர், கணித ஆசிரியர்: இரண்டு வழிகளைச் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள். ஒரே வழியைக் கற்பிப்பதுதான் பொறுப்பான செயல் அல்லவா?

கற்பிக்கும்போது ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. எஃப்(2(எக்ஸ் − 3)) என்று காரணிப்படுத்தி எழுதினால் நகர்வு 3 என்பது வெளிப்படையாகத் தெரிவதால், நானும் அதையே முதலில் காட்டுவேன். ஆனால் மற்ற வழியைத் தவறு என்று அடிப்பதை ஏற்க முடியாது.

மீண்டும் அதே ஆசிரியர்: 2எஃப்(எக்ஸ்) + 6 என்பதில் முதலில் பெருக்கல், பிறகு கூட்டல். உள்ளே மட்டும் கூட்டல் முதலில் வரலாம் என்றால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே?

நல்ல கேள்வி. வெளியே உள்ள செயல்கள் கிடைத்த மதிப்பின் மேல் நிகழ்கின்றன. எனவே எழுதிய வரிசையிலேயே வரைபடத்தை மாற்றுகின்றன. உள்ளே உள்ளவையோ எக்ஸ் சார்புக்குள் நுழைவதற்கு முன் நிகழ்கின்றன: முதலில் 2 ஆல் பெருக்கல், பிறகு 6 கழித்தல். பழைய உள்ளீட்டிலிருந்து புதிய எக்ஸைக் கண்டறிய அவற்றைப் பின்னிருந்து அவிழ்க்க வேண்டும்: முதலில் 6 கூட்டி, பிறகு 2 ஆல் வகுக்க வேண்டும். அந்த மாணவி செய்தது இதுதான். டெஸ்மாஸில் எஃப்(எக்ஸ்) = 4 − (எக்ஸ் − 4)² என்று ஒரு வரியிலும், எஃப்(2எக்ஸ் − 6) என்று அடுத்த வரியிலும் உள்ளிட்டு வகுப்பில் காட்டுங்கள்; உச்சி 5-இல் நிற்பதை மாணவர்களே காண்பார்கள்.

பாகூர் வாசகர்: எஃப்(எக்ஸ் + 4) ஏன் இடப்பக்கம் போகிறது?

முதல் கேள்விக்கான விடையைப் படித்து, 3 கழித்த இடத்தில் 4 கூட்டி அட்டவணை போடுங்கள்.

பண்ருட்டி மாணவர்: கூட்டல் என்றால் இடம், கழித்தல் என்றால் வலம் என்று மனப்பாடம் செய்தால் போதாதா?

போதாது. மேலே 2எக்ஸ் − 6 பற்றிய விவாதத்தைப் பாருங்கள். மனப்பாடம் அங்கேதான் கைவிடும்.

அரியாங்குப்பம் வாசகர்: இதற்கு எந்த மடிக்கணினி வாங்கலாம்?

அது என் துறை அன்று. இந்தப் பாடத்துக்குக் கைப்பேசியே போதும்.

சிதம்பரம், கல்லூரி மாணவி: (எக்ஸ்² − 1)/(எக்ஸ் − 1) வரைந்தால் முழுக் கோடு வருகிறது. எக்ஸ் = 1-இல் சார்பு வரையறுக்கப்படவில்லையே?

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஒரே ஒரு புள்ளி மட்டும் விடுபடும்போது, கோட்டில் இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை; எனவே தாளில் வரையும்போது (1, 2) என்ற இடத்தில் வெற்று வட்டம் இடுங்கள். இந்தச் சார்பை 3 அலகு வலப்பக்கம் நகர்த்தினால் துளையும் கூடவே நகர்ந்து (4, 2)-இல் அமையும். ஒய் = எக்ஸ் − 2 என்று சுருக்கி எழுதி விடையை முடித்துவிடாமல், எக்ஸ் 4-க்குச் சமமாகாது என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள்.