சிரிக்கிறார்கள் என்பதால் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பிரிட்டனுக்கு நர்சாக வந்து நான்கு மாதம் ஆகிறது. வார்டு டீ ரூமில் பிரதமரை ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேர் சொல்லிக் கிண்டலடிக்கிறார்கள். முன்னாள் அமைச்சர் ஒருவர் டிவிக்காகக் காட்டுக்குள் போய்க் கண்டதையும் தின்ற கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "இவர்களுக்கு அரசியலில் அக்கறையே கிடையாதா அக்கா? நானும் பேச்சில் கலந்துகொள்ளலாமா, இல்லை விசாவில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் 2006இல் இதே வேலைக்குத்தான் மதுரையிலிருந்து வந்தேன். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. நம் ஊரில் மந்திரி வருகிறார் என்றால் முதல் நாளே ரோட்டோரம் கொடி நட்டுவிடுவார்கள், 'மாண்புமிகு' போடாமல் ஒரு நோட்டீஸ் அடிக்க முடியாது. இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி பிபிசியைப் போட்டால் 'ஹாவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்ற நிகழ்ச்சியில், பதவியில் இருக்கும் அமைச்சரை அந்த வாரச் செய்தியை வைத்தே வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். 1990இல் தொடங்கியது. 1993இல் ராய் ஹாட்டர்ஸ்லி, லேபர் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர், வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவையும் வராமல் போனார். அவர் இடத்தில் பன்றிக்கொழுப்பு டப்பா ஒன்றை வைத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்துவிட்டார்கள். இந்தக் கதையை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "கட்சிக்காரன் ஒருத்தனும் கல்லெறியலையா?" என்று கேட்டார். யாரும் எறியவில்லை.

அரசியல்வாதி நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர், தப்பு செய்தால் கேலி செய்வோம், அதற்குக் கோபப்படுகிறவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அக்கறை இல்லாதவர்களால் இவ்வளவு விவரமாகக் கேலி செய்ய முடியாது. அடுத்த தடவை டீ ரூமில் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த அமைச்சர் போன மாதம் என்ன சொன்னார், இந்த மாதம் எப்படி மாற்றிப் பேசினார் என்று தெரிந்துவைத்துக்கொண்டுதான் கிண்டலே வரும்.

ஆனால் சிரிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூட உட்கார்ந்து சிரித்த ஆளிடம் பிறகு கோபப்பட மனசு வராது. போரிஸ் ஜான்சனைச் சாதாரண ஜனங்களுக்குப் பழக்கப்படுத்தியதில் நாடாளுமன்றப் பேச்சைவிட அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். கலைந்த தலைமுடியோடு வந்து திக்கித் திணறிச் சிரிக்க வைத்தவர், 2008இல் லண்டன் மேயர், 2019இல் பிரதமர். நம் ஊரில் சினிமாவிலிருந்து கோட்டைக்குப் போனார்கள் என்றால், இங்கே வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது நாடாளுமன்றத்தில், இருப்பவர்கள் கேமராவைத் தேடி வருகிறார்கள்.

நீங்கள் சொன்ன காட்டு நிகழ்ச்சி ஐடிவி சேனலின் 'ஐ ஆம் எ செலிபிரிட்டி'. அது பூச்சி தின்கிற விளையாட்டுத்தான். அதை வைத்தே இந்த நாட்டின் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தேன்.

2021 டிசம்பரில், கொரோனா ஊரடங்கின்போது பிரதமரின் வீடும் அலுவலகமும் இருக்கும் டவுனிங் தெருவில் பார்ட்டி நடந்தது என்ற செய்தி வெளிவந்தது. அந்த நிகழ்ச்சியை நடத்தும் ஆன்ட், டெக் இருவரும் அரசியல் பேசிப் பேர் வாங்கியவர்கள் இல்லை, பாட்டியும் பேரனும் சேர்ந்து ரசிக்கிற ஆட்கள். அவர்கள் கேமராவைப் பார்த்துப் பிரதமருக்கு மாலை வணக்கம் சொன்னார்கள். "இப்போதைக்குப் பிரதமர்" என்கிற பொருளில் ஒரு வார்த்தையையும் சேர்த்தார்கள். மறுநாள் டீ ரூமில், அதுவரை வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். அந்த ஒரு வரியால் யார் பதவியும் போகவில்லை. ஆனால் அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றால் விஷயம் எல்லா வீட்டு ஹாலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. 2022 ஏப்ரலில் ஜான்சனுக்குப் போலீஸ் அபராதம் போட்டது. ஜூலையில் விலகுவதாக அறிவித்தார்.

அதே வருஷம் நவம்பரில் மாட் ஹான்காக் அந்தக் காட்டுக்குப் போனார். கொரோனாவின்போது சுகாதார அமைச்சர். தான் சொன்ன சமூக இடைவெளி விதியைத் தானே மீறியது வெளியே வந்து 2021 ஜூனில் பதவி விலகியவர். அவர் எம்.பி.யாக இருந்துகொண்டே ஆஸ்திரேலியாவுக்குப் போனதால், கட்சி அவரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. முதல் வாரத்தில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் போட்டு எல்லாக் கஷ்டமான சோதனைக்கும் அவரையே அனுப்பினார்கள். கடைசியில் அதே ஜனங்கள்தான் மூன்றாம் இடம் வரை கொண்டுபோனார்கள்.

எங்கள் வார்டில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. 2020 ஏப்ரலில், மூச்சு அடங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் முகத்துக்கு நேராக நான் ஐபேடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டுக்குள் வர அனுமதி இல்லாத மகள் திரையில் இருந்தபடி பாட்டுப் பாடினாள். பாட்டு முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். எங்கள் கூட வேலை பார்த்த ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் ஒருவர், தன் அம்மாவைக் கேர் ஹோமில் அப்படித்தான் இழந்தார். காட்டுப் பேச்சு வந்தாலே கப்பைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். டீ ரூமில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது இப்படி எழுந்து போகிறவர்களையும் கவனியுங்கள் தம்பி. அவர்களுடையதும் பொதுஜன அபிப்பிராயம்தான், சத்தம் வராது, அவ்வளவுதான்.

2023இல், குடியேற்றத்தை எதிர்த்துப் பேசும் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் போனார், அவரும் மூன்றாம் இடம். அடுத்த வருஷம் ஜூலையில், ஏழு தடவை தோற்ற பிறகு, கிளாக்டன் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். காட்டுக்குப் போனதால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அரசியலோடு ஒத்துப்போகாத பலர், "ஆள் பரவாயில்லை, நல்லா பழகுறார்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த "பரவாயில்லை"யைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். இது என் சொந்தக் கருத்து.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நான்கு ராத்திரி, ஐடிவியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நாடகம் வந்தது. நடந்த கதை. இங்கே தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஊர்க்கோடிக் கடைக்குள் ஒரு கவுண்டர், கடைக்காரரே நடத்துவார். அதில் நம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் நிறைய. 1999இலிருந்து போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் அவர்களுக்கு ஹொரைசன் என்ற, ஃபுஜிட்சு கம்பெனியின் கணக்கு மென்பொருளைக் கொடுத்தது. அது கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி கடைக்காரர்தான் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்களைத் திருடர்கள் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களுக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று பதில்.

ஒரு காட்சியில் ஜோ ஹாமில்டன் என்ற கிராமத்துக் கடைக்கார அம்மா, அந்த உதவி எண்ணில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பட்டனாக அழுத்துகிறார். திரையில் இருந்த பற்றாக்குறை அவர் கண் முன்னாலேயே இரண்டு மடங்காகிறது. எங்கள் வீட்டு சோபாவில் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். என் மகள், அப்போது பதினான்கு வயது, "இதை ஏம்மா யாருமே எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள். சொல்லியிருந்தார்கள். 2009இலேயே 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை எழுதியது. 2019 டிசம்பரில் ஹைகோர்ட் மென்பொருளில் பிழை இருந்தது என்று தீர்ப்பு சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தானது. பேப்பரில் நானும் பார்த்தேன். ஏதோ கணக்கு வழக்கு விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பினேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த வாரம் டீ ரூமில் வேறு பேச்சே இல்லை. போஸ்ட் ஆபீஸின் முன்னாள் தலைமை அதிகாரி தனக்குக் கிடைத்த சிபிஇ என்ற அரச விருதைத் திருப்பித் தர வேண்டும் என்ற மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. ஜனவரி 9ஆம் தேதி தருவதாகச் சொல்லிவிட்டார். 10ஆம் தேதி, புதன்கிழமை, பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் எழுந்து, தண்டனைகளை ரத்து செய்யச் சட்டம் கொண்டுவருவோம் என்றார். மே மாதம் சட்டமே வந்துவிட்டது. பத்திரிகையும் கோர்ட்டும் இத்தனை வருஷம் தள்ளியும் நகராத தேர், நான்கு ராத்திரியில் நகர்ந்தது. காலம் கடந்துதான் நகர்ந்தது, அதற்குள் உயிரை விட்டவர்களும் உண்டு. ஆனாலும் இந்த நாட்டில் பொதுஜன அபிப்பிராயம் எங்கே உருவாகிறது என்று கேட்டால் நான் அந்த சோபாவைத்தான் காட்டுவேன்.

சரி, டீ ரூமில் நீங்கள் என்ன செய்வது? "யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பது போல முகம் சுருங்கும். "நேற்று அந்த நிகழ்ச்சி பார்த்தீங்களா, என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். டிவியைப் பற்றிப் பேசுவது போலத்தான் இவர்கள் அரசியல் பேசுவார்கள். ரோட்டுக் குழி, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வரிசை, கரண்ட் பில் எல்லாமே கட்சிப் பெயர் சொல்லாத அரசியல்தான். தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள், அபிப்பிராயம் சொன்னதற்காக விசா போகாது. நோயாளியின் படுக்கையருகில் மட்டும் வேண்டாம். நம் சொந்த நம்பிக்கைகளை, அரசியல் உட்பட, தகாத விதத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்று நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று, இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. நீங்கள் இந்தியக் குடிமகன், அதாவது காமன்வெல்த் குடிமகன். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கிறீர்கள் என்றால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே உங்களுக்கு ஓட்டு உண்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவது ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை, நேஷனல் இன்சூரன்ஸ் எண் இருந்தால் போதும். பட்டியலில் பெயர் இருந்தால் நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது கிரெடிட் ஸ்கோருக்கும் உதவும். ஓட்டு இருக்கிறதோ இல்லையோ, உங்கள் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்க்கலாம். அந்தச் சந்திப்புக்கும் இங்கே 'சர்ஜரி' என்றுதான் பெயர். என் அம்மாவின் விசா விண்ணப்பம் ஒரு அலுவலகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தபோது நான் போனேன். நூலக அறை, பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு மரத்தைப் பற்றி முறையிட வந்த ஒரு தாத்தா. எம்.பி. நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

முதல் தடவை நான் ஓட்டுப் போட்டது 2010 மே 6, நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில். சர்ச் ஹால், வாசலில் கட்டிப்போட்ட ஒரு நாய், உள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். விரலில் மை வைப்பார்கள் என்று கையை நீட்டிவிட்டேன். அங்கிருந்த அம்மா புரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றி" என்றார். இப்போது போட்டோ அடையாளம் கேட்கிறார்கள், நம் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். இன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் பெயரைப் பதிந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.